காதில் மாட்டும் வேகஸ் தூண்டல் கருவி: ‘உங்களுக்கேற்ப’ என்றால் எதை மாற்றுகிறது?

கேள்வி இதுதான். தம்பிக்கு வலிப்பு நோய். மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு முழுதாக நிற்கவில்லை. நெஞ்சில் கருவி பதிக்கும் அறுவை சிகிச்சை பற்றி நரம்பியல் மருத்துவர் பேசியிருக்கிறார், தம்பி தயங்குகிறார். கேட்பவருக்கோ தூக்கம் சரியில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் வேகஸ் நரம்புத் தூண்டல் கருவி ஒன்று ‘உங்கள் உடலுக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும்’ என்ற விளம்பரத்தோடு விற்கிறது. அதை வாங்கி இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?

முதலில் நேரடி பதிலைச் சொல்லிவிடுகிறேன். காது வழியாக அந்த நரம்பைத் தூண்ட முடியும் என்பதில் சந்தேகம் வேண்டாம், அதற்கு நல்ல உடற்கூறியல் அடிப்படை இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாற்றி அமைக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் ‘தானே’ மாறிக்கொள்ள வேண்டுமென்றால் கருவி உங்கள் உடலில் எதையாவது அளந்தாக வேண்டும். அந்த அளவீட்டில்தான் இந்தத் துறையே இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. ஒரே கருவியை ஒரே அமைப்பில் இருவரும் பயன்படுத்துவது வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். நான் இத்தகைய கருவிகளின் மின்முனைகளோடு வேலை செய்பவன், மருத்துவர் அல்ல. தம்பியின் சிகிச்சை முடிவு அவருடைய மருத்துவரிடம்தான் இருக்கிறது.

வேகஸ் என்பது மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பத்தாவது. கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டுபோகும் நரம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் இழைகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம், உடலின் நிலவரத்தை மூளைக்கு எடுத்துச் செல்பவை. தூண்டல் சிகிச்சையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நரம்பின் வழியில் எங்காவது ஓர் இடத்தில் மின்துடிப்பு கொடுத்தால், அந்தச் செய்தி மூளைத்தண்டில் உள்ள சொலிடேரியஸ் கரு என்ற நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து, மூளையை விழிப்பாக வைக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் லோகஸ் சிருலியஸ் உள்பட மூளையின் பல பகுதிகளுக்குப் பரவும்.

தம்பியின் மருத்துவர் சொல்லும் அறுவை சிகிச்சையும் இதைத்தான் செய்கிறது. இடது நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறு மின்துடிப்புக் கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைக் கழுத்தில் இருக்கும் வேகஸ் நரம்பைச் சுற்றிப் பொருத்துகிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதை வலிப்புக்கு 1997-லும், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு 2005-லும் அனுமதித்தது. பக்கவாதத்துக்குப் பின் கை இயக்கத்தை மீட்கும் பயிற்சியோடு சேர்த்துத் தருவதற்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. காது வழித் தூண்டலுக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கடைசி வரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காது எங்கிருந்து வந்தது? வேகஸ் நரம்பு உடலுக்குள் ஆழமாக ஓடினாலும், ஒரே ஒரு கிளை மட்டும் வெளித்தோலுக்கு வருகிறது. அது வரும் இடம் காது. காதுக்குள் பஞ்சு வைத்துச் சுத்தம் செய்யும்போது சிலருக்கு இருமல் வருமே, அதற்குக் காரணம் இந்தக் கிளைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரால் இதை ஆர்னால்டு நரம்பு என்பார்கள்.

இப்போது உங்கள் சுட்டுவிரலைக் காதுத் துளையின் வாசலில் வையுங்கள். மெதுவாக மேலே நகர்த்தினால் குறுக்கே ஒரு குருத்தெலும்பு மேடு தட்டுப்படும். அதைத் தாண்டியதும் விரல்நுனி உட்காரும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதற்கு சிம்பா கோன்கா என்று பெயர். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் ஏழு சடலங்களின் பதினான்கு காதுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பள்ளத்துக்கு எல்லாக் காதுகளிலும் வேகஸ் கிளை மட்டுமே வந்திருந்தது. அதற்குக் கீழே இருக்கும் பெரிய பள்ளத்தில் 45 சதவீதக் காதுகளில்தான் அப்படி. மற்ற இடங்களில் முகத்துக்குப் போகும் முப்பெரு நரம்பின் கிளையும் கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் கலந்திருந்தன. காதின் கீழ்மடலில் வேகஸ் இல்லவே இல்லை. அதனால்தான் ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகத் தரும் போலித் தூண்டலுக்குக் கீழ்மடலைப் பயன்படுத்துகிறார்கள்.

காதுத் துளைக்கு முன்னால் மூடி மாதிரி நிற்கும் ட்ரேகஸ் என்ற முனையைப் பற்றி ஒரு வழக்கே ஓடுகிறது. அந்த 2002 ஆய்வின் உரையும் அட்டவணையும் ட்ரேகஸ் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்று 2018-ல் இரு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி, அங்கே தூண்டினால் உண்மையில் வேகஸைத்தான் தூண்டுகிறோமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் துறையின் நம்பிக்கையூட்டும் முடிவுகளில் ஒன்று ட்ரேகஸில் தூண்டித்தான் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆளுக்கேற்ற அமைப்பு என்பதன் முதல் படி இதனால் இடம்தான். நரம்பு தோலுக்கு வரும் விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. காதின் வடிவமோ கைரேகை அளவுக்கு வேறுபடுகிறது. ஒருவருக்கு சிம்பா ஆழமான கிண்ணமாக இருக்கும், இன்னொருவருக்கு மேலோட்டமான சரிவுதான் இருக்கும். ஒரே அளவில் அச்சடித்த காதணிக் கருவி முதலாமவருக்கு அடியைத் தொடாது, இரண்டாமவருக்கு நழுவி விழும். காதை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அதற்கேற்ப மின்முனையை அச்சிட்டுத் தருவது எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை. இந்தக் கருவிகளில் செய்யப்படும் மாற்றங்களிலேயே மிக நேர்மையானது அதுதான் என்பேன். செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சுக்கு முன்னால் மின்முனை சரியான பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும்.

முழுதாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். நல்ல கருவிகள் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. ஒரு மில்லியாம்பியர் என்று வைத்தால், தோலின் தடை கூடினாலும் குறைந்தாலும் அதே ஒரு மில்லியாம்பியரைத் தள்ள முயலும். மின்முனையின் ஜெல் காய்ந்து பாதிப் பரப்பு தோலை விட்டு எழும்பினால், மீதிப் பாதி வழியாக அதே மின்னோட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். அது வரை மெல்லிய துடிப்பாக இருந்தது ஊசி குத்துவதாக மாறும். அணிந்தவர் அளவு கூடிவிட்டது என்று நினைத்துக் குறைப்பார். உண்மையில் அளவு மாறவில்லை, தொடும் பரப்புதான் சுருங்கியது. குறைத்த பிறகு நரம்புக்குப் போதுமான தூண்டல் கிடைக்காது. பரிசோதனை மேசையில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. தீர்வும் எளிதுதான். முதலில் காதின் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். மின்முனையை நனைக்க வேண்டும் அல்லது புது ஜெல் வைக்க வேண்டும். பிறகு கருவியே தோல்தடையை அளந்து, தொடர்பு சரியில்லை என்றால் நின்றுவிட வேண்டும். இந்த ஒரு சோதனைகூட இல்லாத கருவியை ‘ஸ்மார்ட்’ என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது அளவு. கண்ணாடிக்கு பவர் பார்ப்பது போல இதையும் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த அளவிலிருந்து சின்னச் சின்னப் படியாக ஏற்றி, முதன்முதலாக ஏதோ தட்டுவது போல உணரும் அளவைக் குறித்துக்கொள்கிறோம். மேலும் ஏற்றினால் அது குறுகுறுப்பாகும், பிறகு அழுத்தமான துடிப்பாகும், ஒரு கட்டத்தில் குத்தல் தொடங்கும். அந்த அளவையும் குறிக்கிறோம். இறக்கும்போது ஒருமுறை மறுபடி பார்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், சராசரி எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு மில்லியாம்பியருக்குக் கீழேயே உணர்ந்துவிடுவார். அடுத்தவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும். ஒருவரின் வலி எல்லை இன்னொருவரின் உணர்வு எல்லையாக இருக்கலாம். நீங்களும் தம்பியும் ஒரே அமைப்பைப் பகிரக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இது.

இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தால் தடித்த இழைகள் முதலில் எழும், மெல்லிய இழைகள் கடைசியில். தொடுஉணர்வைக் கடத்தும் இழைகள் தடித்தவை, வலியைக் கடத்துபவை மெல்லியவை. துடிப்பு தெரிகிறது, வலி தெரியவில்லை என்றால் தடித்த இழைகள் மட்டும் வேலை செய்கின்றன என்று ஊகிக்கலாம். சிகிச்சைக்கு அவைதான் வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பது தவறான எண்ணம். வலி உடலைப் பதற்ற நிலைக்குத் தள்ளும், நாம் தேடுவது அதற்கு நேர் எதிர். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு: துடிப்பை உணர்வதால் மட்டுமே வேகஸ் தூண்டப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து நரம்பு தூண்டப்பட்டாலும் அதே உணர்வுதான் வரும்.

அதிர்வெண் பற்றிக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆதங்கம் உண்டு. ஐரோப்பாவில் 2010-ல் அனுமதி பெற்ற முதல் காதுக் கருவியான நேமோஸ், வினாடிக்கு 25 துடிப்பு, அரை நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் ஓய்வு என்று அமைக்கப்பட்டது. நாளுக்கு நான்கு மணி நேரம் அணியச் சொன்னார்கள். உள்ளே பதிக்கும் கருவிகளில் பழகிய எண்களை ஒட்டி வந்தவை இவை. காதுக்கு இதுதான் சிறந்தது என்று தேடிக் கண்டுபிடித்தவை அல்ல. பிறகு என்ன நடந்தது பாருங்கள். வலிப்பு நோயாளிகள் 76 பேரிடம் நடந்த ஆய்வில், 25 துடிப்பு உண்மைச் சிகிச்சை, ஒரு துடிப்பு ஒப்பீட்டுக்கு. 2016-ல் வந்த முடிவில், 25 துடிப்பு மேலானது என்று நிறுவ முடியவில்லை. அதே கருவியை வைத்து நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் ஒப்பீட்டுக்கு வைத்த ஒரு துடிப்புக் குழுவுக்குத்தான் தலைவலி நாட்கள் அதிகம் குறைந்தன. நான்கு வாரத்தில் ஒரு துடிப்புக் குழுவுக்கு ஏழு நாட்கள் குறைந்தன, 25 துடிப்புக் குழுவுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள்தான்.

போலி என்று நாம் நினைத்த அமைப்பே சிகிச்சையாக இருக்கலாம் என்றால், ஆளுக்கேற்ப மட்டுமல்ல, நோய்க்கேற்பவும் எண்கள் மாறலாம் என்று அர்த்தம். ஆரோக்கியமானவர்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், துடிப்பின் அகலம் 500 மைக்ரோவினாடி, வினாடிக்குப் பத்து துடிப்பு என்ற அமைப்பு இதயத் துடிப்பை மற்றவற்றைவிட அதிகம் குறைத்தது. அதில் மின்னோட்டத்தை ஒவ்வொருவரின் உணர்வு எல்லைக்கு இரண்டு மடங்காக வைத்தார்கள். மூச்சோடு இணைத்து மூளைத்தண்டை ஸ்கேனில் பார்த்த இன்னொரு குழுவுக்கு வினாடிக்கு நூறு துடிப்பில்தான் வலுவான பதில் கிடைத்தது. ஒரு விளம்பரம் ‘இதுவே சிறந்த அதிர்வெண்’ என்று அடித்துச் சொன்னால், எதற்குச் சிறந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நேரம்தான். எங்கே, எவ்வளவு என்பதோடு எப்போது என்ற கேள்வியும் சேரும்போது இந்தத் துறை உயிர் பெறுகிறது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். நாடியில் விரல் வைத்து ஆழமாக மூச்சு விட்டால் நீங்களே உணரலாம். மூளைத்தண்டில் சுவாச நரம்பணுக்களும் சொலிடேரியஸ் கருவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று பாதிக்கின்றன. மூச்சு உள்ளே வரும்போது அந்தக் கருவுக்குத் தடுப்புச் செய்தி போகிறது, வெளியே போகும்போது தடுப்பு விலகுகிறது. அப்படியானால் வெளிமூச்சின்போது மட்டும் காதில் துடிப்பு கொடுத்தால் செய்தி தடையில்லாமல் போய்ச் சேருமே? ஆய்வாளர் விட்டாலி நபடோவின் குழு இந்த யோசனையைத்தான் வளர்த்தது. மார்பில் ஒரு பட்டை மூச்சை அளக்கும், வெளிமூச்சு தொடங்கியதும் கருவி துடிக்கும். நாள்பட்ட இடுப்புக்குழி (அடிவயிற்று) வலியில் 2012-லும், பிறகு ஒற்றைத் தலைவலியிலும் இதைப் பரிசோதித்தார்கள். சிறிய ஆய்வுகள்தான், ஆனால் காரணகாரியம் தெளிவானது. இங்கே கருவி உங்கள் உடலைப் பின்தொடர்கிறது. எதைப் பின்தொடர்கிறது, ஏன் என்பதற்கு விடை இருக்கிறது. ‘உங்களுக்கேற்ப’ என்ற சொல்லுக்கு நான் எதிர்பார்க்கும் அர்த்தம் இதுதான்.

நேரத்தை ஒரு செயலோடும் இணைக்கலாம். குறைமாதத்தில் பிறந்து, புட்டிப்பால் உறிஞ்சத் திணறும் குழந்தைகளிடம் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் செய்தது. குழந்தை உறிஞ்சி விழுங்கும் அந்த நொடிகளில் மட்டும் காதில் மெல்லிய துடிப்பு, நிறுத்தியதும் துடிப்பும் நிற்கும். குழாய் வழி உணவு தரும் அறுவை சிகிச்சைக்கு ஆளாகும் நிலையிலிருந்த 14 குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வாய்வழியே முழுதாகப் பால் குடிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத முதற்கட்ட ஆய்வு, அதனால் அதிகம் ஏற்றிப் பேசக்கூடாது. ஆனால் பக்கவாதச் சிகிச்சையில் பதிக்கும் கருவி ஒவ்வொரு கை அசைவோடும் சேர்த்துத் துடிக்கும்போது பலன் தருவதை இதோடு வைத்துப் பாருங்கள். மூளை எதையோ கற்றுக்கொண்டிருக்கும் நொடியில் வரும் துடிப்பும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் துடிப்பும் ஒன்றல்ல.

வலிப்பிலும் இப்படி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, காதில் அல்ல, பதிக்கும் கருவியில். பலருக்கு வலிப்பு வரும்போது இதயத் துடிப்பு திடீரென எகிறும். அந்த எகிறலைக் கண்டதும் தானாகத் தூண்டல் கொடுக்கும் வகைக் கருவிக்கு 2015-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. எவ்வளவு எகிறினால் துடிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அந்த நோயாளிக்கென்று அமைக்கிறார். தம்பிக்கு வலிப்பின்போது இதயத் துடிப்பு ஏறுகிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். தம்பி தயங்கும் அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க அது உதவும்.

இனி, விற்பனைக்கு வரும் கருவிகளின் ‘தானே மாறிக்கொள்ளும்’ வித்தைக்கு வருவோம். பெரும்பாலும் அவை பார்ப்பது இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாட்டை. அதை விரலிலோ மணிக்கட்டிலோ காதிலேயோ ஒளி உணரி வைத்து அளப்பது சுலபம். மாறுபாடு கூடினால் வேகஸ் நன்றாக வேலை செய்கிறது, குறைந்தால் அளவைக் கூட்டு என்று செயலி முடிவெடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, காதுத் தூண்டல் இந்த மாறுபாட்டை மாற்றுகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாற்றவில்லை என்ற பக்கமே சான்று சாய்ந்தது. தூண்டலால் மாறுகிறது என்று உறுதியாகாத ஓர் எண்ணைப் பார்த்துத் தூண்டலைச் சரிசெய்தால், கருவி எதைச் சரிசெய்கிறது? நீங்கள் உட்கார்ந்த விதம், மூச்சின் வேகம், சற்று முன் குடித்த காபி, ராத்திரி தூங்கிய நேரம் எல்லாம் அந்த எண்ணை அசைக்கும். செயலி அந்த அசைவுகளைத் துரத்திக்கொண்டிருக்கும். இதை வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்மணி விரிவதை அளப்பது இன்னொரு வழி. லோகஸ் சிருலியஸ் எழும்போது கண்மணி விரியும். சில வினாடிகள் நீளும் குறுந்தூண்டலில் இது தெரிகிறது என்று 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. நீண்ட தொடர் தூண்டலில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி அளக்கலாம், தெருவில் நடக்கும்போது முடியாது. தலையில் மின்முனை வைத்து நரம்பு எழுந்ததற்கான எதிரொலியைப் பிடிக்கலாம் என்று 2003-லேயே முயன்றார்கள். பிறகு, அந்த அலை நரம்பிலிருந்து வருகிறதா, பக்கத்துத் தசையிலிருந்து வருகிறதா என்ற சந்தேகம் வந்தது. ஆக, மருந்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பது போல, இத்தனை தூண்டல் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் நம்பகமான அளவுகோல் அன்றாடப் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. அது வரும் நாளில்தான் முழுமையான தானியங்கி அமைப்பு சாத்தியம்.

அப்படியானால் இவை எதற்குமே உதவாதா? அப்படிச் சொல்லமாட்டேன். நான் முன்னால் சொன்ன ட்ரேகஸ் முடிவு இதுதான்: அவ்வப்போது வந்துபோகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு உள்ள 53 பேரிடம் நடந்த ஆய்வு, 2020-ல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம், வினாடிக்கு 20 துடிப்பு. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கீழ்மடலில் அதே துடிப்பு. ஒவ்வொருவரின் அசௌகரிய எல்லைக்கும் ஒரு மில்லியாம்பியர் கீழே அளவை வைத்தார்கள். ஆறு மாத முடிவில் தாளக்கோளாறில் கழியும் நேரம் ஒப்பீட்டுக் குழுவைவிட 85 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு என்றாலும் கவனமாகச் செய்தது. இதிலே செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரின் எல்லையைக் கேட்டுக் குறித்தார்கள், அவ்வளவுதான்.

ஓபியாய்டு என்ற அபின் வகைப் பொருட்களின் பழக்கத்தை விடும்போது வரும் உடல் வாதையைக் குறைக்க, ஸ்பாரோ என்ற காதுக் கருவிக்கு 2021-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அது வேகஸோடு முப்பெரு நரம்புக் கிளையையும் சேர்த்துத் தூண்டுகிறது. குடல் எரிச்சல் நோயால் வயிற்றுவலிப்படும் 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஐபி-ஸ்டிம் என்ற கருவி 2019-ல் அனுமதி பெற்றது, ஆனால் அது காதுத் தோலில் நுண் ஊசிகளைக் குத்தி வேலை செய்வது. விற்பனைப் பக்கங்களில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ‘காதுத் தூண்டல் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஊசிக் கருவியின் முடிவைத் தோல்மேல் கருவிக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது, வயிற்றுவலி முடிவைத் தூக்கத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது.

பாதுகாப்பு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. காதில் எரிச்சல், தோல் சிவப்பது, தலைவலி, சிலருக்குத் தலைசுற்றல். பெரும்பாலும் நிறுத்தினால் போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள், காது கேட்பதற்காக உள்ளே காக்ளியர் கருவி பதித்தவர்கள், இதயத் துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காதில் புண் அல்லது தொற்று இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இடது காதில்தான் போட வேண்டும் என்று பலரும் சொல்வதற்கு, வலது வேகஸ் இதயத்தின் துடிப்பு முடிச்சுக்கு நெருங்கிய தொடர்புடையது என்ற பழைய எச்சரிக்கை காரணம். காதிலிருந்து செய்தி மூளைக்குத்தான் போகிறது என்பதால் அந்தப் பயம் அவ்வளவு பொருந்தாது. ஆனாலும் கருவியின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள், ஏனென்றால் அது அந்தக் காதில்தான் பரிசோதிக்கப்பட்டிருக்கும்.

இப்போது உங்கள் இருவர் விஷயம். உங்கள் தூக்கத்துக்கு இதை முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் தூக்கமும் பதற்றமும் நம்பிக்கையாலேயே பாதி சரியாகிவிடும் இயல்புள்ளவை, அதனால் பலன் தெரிந்தாலும் அது கருவியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன், தூக்கம் ஏன் கெட்டது என்று ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். குறட்டையோடு மூச்சு தடைபடும் பிரச்சினையாக இருந்தால், காதுத் துடிப்பு அதைத் தீர்க்காது. அப்படியும் வாங்கினால் விற்பவரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: மின்முனை காதில் எந்த இடத்தைத் தொடுகிறது, என் உணர்வு எல்லையையும் வலி எல்லையையும் எப்படிக் குறிக்கிறது, தானே மாறும்போது எந்த அளவீட்டைப் பார்த்து மாறுகிறது. மூன்றாவதுக்கு ‘எங்கள் அல்காரிதம்’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை என்றால், கையால் அளவை மாற்றும் சாதாரணக் கருவியே போதும், விலையும் குறையும்.

தம்பிக்குக் கதை வேறு. நலவாழ்வுக் கருவி என்ற பெயரில் விற்பவை பல, நோய்க்கான சிகிச்சை என்று சோதிக்கப்படாதவை. வலிப்புக்கு அவற்றை நம்பி மருந்தைக் குறைப்பது உயிருக்கே ஆபத்து, ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது. காதுத் தூண்டலை முயல்வதென்றால், மருந்தோடு சேர்த்து, மருத்துவருக்குத் தெரிந்து, வலிப்புக்கென்று மருத்துவ அனுமதி பெற்ற கருவியை மட்டும். காதுத் தூண்டலில் பலன் தெளிவாகத் தெரியாததால் பதிக்கும் கருவியும் வேலை செய்யாது என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே மின்முனை நரம்பையே சுற்றியிருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது, பலன் மாதக்கணக்கில் மெல்லக் கூடுகிறது.

எந்த வழியை எடுத்தாலும் இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டில் தம்பியின் ஒவ்வொரு வலிப்பையும் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய ராத்திரித் தூக்கம், மாத்திரை தவறியதா என்று எழுதிவையுங்கள். கருவி தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதக் கணக்காவது கையில் இருக்கட்டும். வலிப்பு இயல்பாகவே சில வாரம் கூடும், சில வாரம் குறையும். மோசமான ஒரு மாதத்தில் கருவியை வாங்கினால் அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும், அந்தப் பெருமை கருவிக்குப் போய்விடும். நோட்டு இருந்தால் அப்படி ஏமாற வழியில்லை. பதிக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் அளவைக் கூட்டிக் குறைக்க மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.